ஐபி முகவரியை மாற்றியதிலிருந்து தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டு சர்வர் காணாமல் போகிறது

தண்டையார்பேட்டை_31 | சனி, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டையில் வீடு. கீழே அப்பாவின் அச்சுக்கடை, மேலே நாங்கள். ஒரு பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு 22.04 போட்டு மூன்று வருடமாக வீட்டு சர்வராக ஓட்டி வருகிறேன். நெக்ஸ்ட்கிளவுட் இருக்கிறது, வீட்டில் எல்லோருடைய போட்டோவும் அதில்தான். சாம்பா ஷேரில் (மற்ற கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க் வழியாகத் திறக்கும் ஃபோல்டர்) கடையின் டிசைன் கோப்புகளும் பில் கணக்கும். விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல் ஒன்று. வாசல், கடை, மாடிப்படி என மூன்று கேமராக்களின் பதிவும் அதே பெட்டியில்.

போன வாரம் இணைய இணைப்பை மாற்றினோம். பழைய ரூட்டர் 192.168.1.1. புது இணைப்போடு வந்த ஓஎன்டி பெட்டி (ஃபைபர் மோடம்) 192.168.100.1. அதனால் சர்வரை 192.168.1.10-லிருந்து 192.168.100.10-க்கு மாற்றினேன். எடுக்கும் முன் மதியம் அந்த எண்ணுக்கு பிங் அடித்துப் பார்த்தேன். பதில் இல்லை, காலிதான் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது கடை கம்ப்யூட்டரில் இசட் டிரைவ் (அந்த சாம்பா ஷேர்தான்) திறப்பதே இல்லை. நெக்ஸ்ட்கிளவுட் 'நம்பகமில்லாத டொமைன்' என்று ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனால் வெளியிலிருந்து உள்ளே வர முடியவில்லை. இவற்றையெல்லாம்விட என்னைக் குழப்புவது இன்னொன்று. என் லேப்டாப்பிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் பகல் முழுக்க நன்றாக வேலை செய்கிறது. சாயங்காலம் ஏழு மணி வாக்கில் அறுந்துவிடுகிறது. ஒன்பதரை, பத்துக்கு மேல் தானாகவே சரியாகிறது. இதோ இப்போது சரியாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். டிசைன் அந்த சர்வரில்தான் இருக்கிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மணிக்கு ஒருமுறை மாடிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

வண்ணை_அக்கா | சனி, இரவு 10.41

தம்பி, முதல் வேலை: இப்போது லைன் இருக்கும்போதே அந்தப் பத்திரிகைக் கோப்பை ஒரு பென்டிரைவில் எடுத்து அப்பா கையில் கொடுத்துவிடுங்கள். நெட்வொர்க்கை நிதானமாகப் பார்க்கலாம்.

அப்புறம் மூன்று விஷயம் வேண்டும். 'ஐபி அட்ரஸ்' கட்டளை என்ன காட்டுகிறது, 'ஐபி ரூட்' என்ன காட்டுகிறது, நெட்பிளான் ஃபோல்டரில் (உபுண்டு நெட்வொர்க் அமைப்புகளைப் படிக்கும் இடம்) எத்தனை கோப்புகள் இருக்கின்றன. மூன்றாவதை மறக்காதீர்கள், எனக்கு அதில்தான் சந்தேகம்.

தண்டையார்பேட்டை_31 | சனி, இரவு 11.15

கோப்பைக் கொடுத்துவிட்டேன் அக்கா. அப்பா படுக்கப் போய்விட்டார். ரொம்ப நன்றி.

நெட்வொர்க் கார்டில் இரண்டு முகவரிகள் காட்டுகின்றன: 192.168.1.10/24, 192.168.100.10/24. டிஃபால்ட் ரூட் (வெளியே போகும் வழி) 192.168.100.1 வழியாக, அது சரிதான். நெட்பிளான் ஃபோல்டரில் இரண்டு கோப்புகள். 50 என்று தொடங்குவது பழையது. 99 என்று தொடங்குவது நான் போன வாரம் எழுதியது. புதியது பழையதை மாற்றிவிடும் என்று நினைத்தேன்.

வண்ணை_அக்கா | சனி, இரவு 11.32

நினைத்தது பாதி சரி. நெட்பிளான் கோப்புகளைப் பெயர் வரிசையில் படிக்கும், ஒற்றை மதிப்பு மட்டும் எழுதும் இடங்களில் பிந்தைய கோப்பு சொல்வதுதான் நிற்கும். வெளியே போகும் வாசலைச் சொல்லும் உங்கள் 'கேட்வே4' வரி அப்படித்தான் சரியாக மாறியிருக்கிறது. ஆனால் முகவரிகள், டிஎன்எஸ் (பெயரை எண்ணாக மாற்றித் தருவது) போன்றவை பட்டியல்கள். பட்டியலை அது மாற்றாது, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துவிடும். அதனால்தான் பழைய முகவரியும் கூடவே உட்கார்ந்திருக்கிறது.

பழைய கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு ஒரே கோப்பாக எழுதுங்கள். 'கேட்வே4' பழைய முறை, 'ரூட்ஸ்' என்ற பகுதியில் எழுதுவதுதான் இப்போது சரி. உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் மட்டும், டேப் போடக்கூடாது. எழுதி முடித்ததும் 'நெட்பிளான் டிரை' கொடுங்கள், நேராக 'அப்ளை' வேண்டாம். 120 நொடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். தூரத்திலிருந்து எஸ்எஸ்எச்சில் வேலை செய்பவர்களுக்கு அது உயிர் காக்கும் கட்டளை.

இசட் டிரைவ் ஏன் திறக்கவில்லை என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. கடை கம்ப்யூட்டர் இப்போது 192.168.100 வரிசையில் இருக்கிறது. டிரைவ் 192.168.1.10-ஐத் தேடுகிறது. அந்த வரிசை வெளியில் இருப்பதாக நினைத்து பாக்கெட்டை ஓஎன்டியிடம் கொடுக்கிறது, ஓஎன்டிக்கு அப்படி ஒரு வரிசையே தெரியாது. சர்வர் பக்கத்து மேசையில் இருந்தாலும் போய்ச் சேராது.

காசிமேடு_கேபிள் | ஞாயிறு, காலை 7.05

வணக்கம். பதினைந்து வருடமாகக் கேபிள் இழுக்கும் வேலைதான் எனக்கு. சாயங்காலம் அறுந்து இரவில் சரியாகிறது என்றால் முதலில் வயரைத்தான் பார்ப்பேன். நம்ம பக்கம் கடல் காற்று. காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் ஆர்ஜே45 முனையைக் கழற்றிப் பார்த்தால் தொடும் இடமெல்லாம் பச்சை பிடித்திருக்கும். இணைப்பு மாற்றும்போது வயரைப் பிடுங்கிச் செருகியிருப்பீர்கள், இத்தனை நாள் அசையாமல் இருந்தது அசைந்திருக்கும்.

'ஈத்டூல்' கொடுத்து வேகம் என்ன என்று பாருங்கள். 1000 காட்ட வேண்டிய இடத்தில் 100 காட்டினால் எட்டு கம்பியில் ஏதோ ஒன்று ஒழுங்காகத் தொடவில்லை. 100-க்கு நான்கு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதனால் அந்த நான்கும் நன்றாக இருந்து மற்றதில் ஒரு ஜோடி போனால் லைன் உயிரோடுதான் இருக்கும், வேகம் மட்டும் இறங்கிவிடும்.

தண்டையார்பேட்டை_31 | ஞாயிறு, காலை 9.30

அண்ணே, 100 தான் காட்டியது! முனையைக் கழற்றிப் பார்த்தால் நீங்கள் சொன்ன அதே பச்சை. புது முனை போட்டு கிரிம்ப் செய்தேன், 1000 வந்துவிட்டது. ஆனால் கர்னல் பதிவில் ஏழு மணிக்கு லிங்க் விழுந்ததாக ஒரு வரிகூட இல்லை. லிங்க் எழுந்தே இருக்கிறது, ஆனால் சர்வர் மட்டும் பதில் சொல்வதில்லை.

அக்கா சொன்னபடி ஒரே நெட்பிளான் கோப்பாக்கினேன். பழைய முகவரி போய்விட்டது. போனவுடன் புதிதாக மூன்று பிரச்சினைகள். கேமராக்கள் மூன்றும் பதிவாகவில்லை. பை-ஹோல் கன்டெய்னர் (டாக்கர் என்ற மென்பொருளுக்குள் தனியாக ஓடுவது) எழுந்திருக்கவே மறுக்கிறது. சர்வரில் எந்தப் பெயரைக் கொடுத்தாலும் 'பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்கிறது, எண்ணைக் கொடுத்தால் வெளியே போகிறது. பழைய கோப்பைத் திரும்பப் போட்டுவிடட்டுமா?

வண்ணை_அக்கா | ஞாயிறு, காலை 9.52

போட வேண்டாம். இதுவரை பழைய முகவரி ஒளிந்துகொண்டு இவற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நம்ம ஊர் வாசல்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு பலகை இருக்குமே, தபால்காரர் இரண்டையும் பார்த்துக் கொடுத்துவிடுவார். நீங்கள் இப்போது பழைய பலகையைக் கழற்றிவிட்டீர்கள். யார் யார் இன்னும் பழைய எண்ணிலேயே கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது இனிமேல்தான் வெளியே வரும். வரட்டும், ஒவ்வொன்றாகத் திருத்தலாம்.

பை-ஹோல் எழாததற்குக் காரணம் டாக்கர் கம்போஸ் கோப்பில் இருக்கும். டிஎன்எஸ் கேள்விகள் வரும் 53-வது போர்ட்டை 192.168.1.10 என்ற முகவரியோடு சேர்த்து எழுதியிருப்பீர்கள். உபுண்டுவின் சிஸ்டம்டி-ரிசால்வ்டு 127.0.0.53-இல் அந்தப் போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பதால், மோதாமல் இருக்க நிறைய பேர் அப்படித்தான் எழுதுவார்கள். இப்போது அந்த முகவரியே கார்டில் இல்லை. பிறகு எப்படி எழும்? எண்ணை மாற்றி ஏற்றுங்கள். சர்வரின் டிஎன்எஸ்ஸும் தன்னையே பழைய எண்ணில் கேட்டுக்கொண்டிருக்கும், நெட்பிளானில் அதையும் மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்ததுதான் உங்கள் 'பெயர் தெரியவில்லை'.

ஒரு வேலை செய்யுங்கள். '192.168.1.' என்ற துண்டை 'கிரெப்' வைத்து ஈடிசி ஃபோல்டர் முழுக்கவும் உங்கள் டாக்கர் ஃபோல்டரிலும் தேடுங்கள். வருவதை அப்படியே இங்கே போடுங்கள்.

பெரம்பூர்_லினக்ஸ் | ஞாயிறு, காலை 10.40

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு வேறு கருத்து. இத்தனையையும் மாற்றுவதற்குப் பதில் ஓஎன்டியின் லேன் முகவரியை 192.168.1.1 என்று மாற்றியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். சர்வர், கேமரா, பிரிண்டர், கடை கம்ப்யூட்டர் எதையும் தொட வேண்டாம். இன்னும் நல்லது, ஓஎன்டிக்குப் பின்னால் சொந்த ரூட்டர் ஒன்றைப் போட்டு வீட்டு வரிசையை அதன் கையில் கொடுப்பது. நாளைக்கு இணைப்பை மறுபடி மாற்றினாலும் வீட்டுக்குள் ஒன்றும் அசையாது.

வண்ணை_அக்கா | ஞாயிறு, காலை 11.08

சொந்த ரூட்டர் என்பதை முழு மனதாக ஏற்கிறேன். ஓஎன்டியை மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழுது பார்க்க வருகிறவர் ஊசியை வைத்து ரீசெட் பொத்தானை அழுத்துவார், எல்லாம் 192.168.100-க்கே திரும்பிவிடும். எங்கள் வீட்டில் இரண்டு முறை நடந்தது.

192.168.1 வரிசையிலேயே தொங்குவதும் நல்லதல்ல. பாதிப் பேர் வீட்டில் அதுதான். வெளியூரில் ஒரு வீட்டில் உட்கார்ந்து விபிஎன் வழியாக உங்கள் வீட்டுக்கு வரும்போது, அந்த வீடும் 192.168.1 என்றால் உங்கள் சர்வரைக் கேட்டது அந்த வீட்டுக்குள்ளேயே சுற்றும். தனி வலையமைப்புகளுக்கென்று 1996-லேயே மூன்று தொகுதிகளை ஒதுக்கிவிட்டார்கள். 10-இல் தொடங்குவது முழுக்க, 172.16-லிருந்து 172.31 வரை, 192.168 முழுக்க. இவ்வளவு இடம் இருக்கும்போது எல்லோரும் ஒரே தெருவில் ஏன் குடியிருக்க வேண்டும்? ரூட்டர் வாங்கும்போது 10.47.12 மாதிரி யாரும் எடுக்காத ஒன்றை எடுங்கள். ஆனால் 172.17 வேண்டாம், டாக்கர் அதைத் தன் பாலத்துக்கு எடுத்துக்கொள்ளும்.

கொளத்தூர்_தம்பி | ஞாயிறு, மதியம் 12.15

அண்ணா, அக்கா, இதே மாதிரி எனக்கும் ஒன்று. ராஸ்பெரி பை-யில் 'டிஎச்சிபிசிடி' கோப்பில் ஐபியை மாற்றுகிறேன், ரீபூட் செய்தாலும் பழைய ஐபிதான் வருகிறது. கல்லூரி புராஜெக்ட், நாளை மறுநாள் காட்ட வேண்டும்.

பெரம்பூர்_லினக்ஸ் | ஞாயிறு, மதியம் 12.22

பை ஓஎஸ் புக்வார்ம் பதிப்பா? 2023-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து நெட்வொர்க்மேனேஜர்தான் வேலை செய்கிறது. பழைய கோப்பில் என்ன எழுதினாலும் யாரும் படிக்கப்போவதில்லை. 'என்எம்டியூஐ' என்று கொடுங்கள், மெனு வரும், அதிலேயே மாற்றலாம்.

கொளத்தூர்_தம்பி | ஞாயிறு, மதியம் 12.50

வந்துவிட்டது அண்ணா!! நன்றி நன்றி.

தண்டையார்பேட்டை_31 | ஞாயிறு, மாலை 4.10

கிரெப் போட்டதும் நான் பார்த்தே இராத இடங்களிலிருந்தெல்லாம் பழைய எண் வந்து விழுந்தது. சாம்பா கோப்பில் மூன்று வருடத்துக்கு முன் நானே எழுதிய ஒரு வரி: 'ஹோஸ்ட்ஸ் அலவ் = 192.168.1.' கடைசியில் புள்ளியோடு. அந்த வரிசையிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் அனுமதி. எழுதியதே நினைவில் இல்லை. யூஎஃப்டபிள்யூ தீச்சுவரிலும் அதே வரிசைக்குத்தான் 445-வது போர்ட் திறந்திருந்தது. ஆக டிரைவின் எண்ணை மட்டும் மாற்றியிருந்தால் இந்த இரண்டு கதவிலும் முட்டிக்கொண்டு நின்றிருப்பேன். இரண்டையும் திருத்தினேன்.

நெக்ஸ்ட்கிளவுட் வெப் ஃபோல்டரில் இருப்பதால் அது கிரெப்பில் வரவில்லை, தனியாகப் போய்ப் பார்த்தேன். கான்ஃபிக் கோப்பில் 'டிரஸ்டட் டொமைன்ஸ்' பட்டியலில் புது எண்ணைச் சேர்த்ததும் திறந்துவிட்டது. அம்மாவின் போனில் இருக்கும் ஆப் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தது, கணக்கை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தேன்.

பை-ஹோல் எழுந்துவிட்டது. கேமரா மட்டும் புரியவில்லை. மூன்றும் 192.168.1.21, 22, 23 என்று கேமராவுக்குள்ளேயே நிலையாகப் போட்டவை. அவற்றின் பக்கத்தைத் திறந்து மாற்றலாம் என்றால் பக்கமே திறக்கவில்லை. ஏணியை வைத்து ஏறி ஒவ்வொன்றாக ரீசெட் செய்ய வேண்டுமா?

காசிமேடு_கேபிள் | ஞாயிறு, மாலை 4.35

ஏணி வேண்டாம். கேமராவும் சர்வரும் ஒரே ஸ்விட்சில்தானே இருக்கின்றன? வயர் ஒன்றுதான், எண் வரிசைதான் வேறு. லேப்டாப்பை வயரில் போட்டு, அதற்குத் தற்காலிகமாக 192.168.1.50/24 என்று ஒரு இரண்டாவது முகவரி கொடுங்கள். 'ஐபி அட்ரஸ் ஆட்' கட்டளை போதும், எந்தக் கோப்பிலும் எழுத வேண்டாம், ரீபூட் செய்தால் போய்விடும். இப்போது கேமரா பக்கம் திறக்கும். உள்ளே போய் முகவரி, மாஸ்க், கேட்வே மூன்றையும் மாற்றுங்கள். கேட்வேயை மறப்பவர்கள்தான் அதிகம், அதை விட்டால் கேமராவின் நேரம் தப்பிப்போகும், இணையத்திலிருந்து நேரம் வாங்க முடியாது. கடைசியாகப் பதிவு மென்பொருளில் கேமரா முகவரிகளை மாற்றுங்கள்.

எண்ணூர்_பாட்டன் | ஞாயிறு, மாலை 5.20

காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நான் ஓய்வுபெற்றவன், முப்பது வருடம் ஆலையில் மின்சாரப் பிரிவு. கணினி எனக்கு ஓய்வுக்குப் பின்தான்.

தம்பி, முதல் பதிவில் ஏழு மணி என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆலையில் ஒரு மோட்டார் தினமும் ஒரே நேரத்தில் டிரிப் ஆனால் நாங்கள் அந்த மோட்டாரைத் திறக்க மாட்டோம். அந்த நேரத்தில் வேறு எது ஓடத் தொடங்குகிறது என்று பார்ப்போம். உங்கள் வீட்டில் ஏழு மணிக்கு எதைப் போடுகிறார்கள்?

தண்டையார்பேட்டை_31 | ஞாயிறு, மாலை 5.31

ஐயா... அம்மா டிவி போடுவார்கள். ஏழு மணி சீரியலில் தொடங்கி ஒன்பதரை வரை. புது இணைப்பு வந்த அன்று காலையில்தான் டிவியை வைஃபையில் சேர்த்தேன். மதியம் சர்வர் ஐபியை மாற்றினேன். அப்போது டிவி அணைந்திருந்தது.

வண்ணை_அக்கா | ஞாயிறு, மாலை 5.44

ஐயா பிடித்துவிட்டார். காலையில் டிவி வைஃபையில் சேர்ந்தபோது ஓஎன்டி அதற்கு .10-ஐக் கொடுத்திருக்கும். மதியம் நீங்கள் பிங் அடித்தபோது டிவி தூங்கிக்கொண்டிருந்தது, அதனால் பதில் வரவில்லை. பிங்குக்குப் பதில் இல்லை என்றால் அந்த முகவரியில் இந்த நிமிடம் யாரும் பேசவில்லை என்றுதான் பொருள். யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்று பொருள் அல்ல. சில சாதனங்கள் பிங்கைக் காதில் வாங்காமலும் இருக்கும்.

இன்று ஏழு மணிக்கு லேப்டாப்பிலிருந்து 'ஆர்ப்பிங்' கொடுங்கள், 192.168.100.10-க்கு. ஆர்ப் என்பது 1982-லிருந்து இருக்கும் நெறிமுறை. 'இந்த எண் யாருடையது' என்று வலையமைப்பு முழுக்கக் கூவிக் கேட்கும், உரியவர் தன் மேக் முகவரியைச் (நெட்வொர்க் கார்டுக்கே உரிய எண்) சொல்வார். இரண்டு மேக் முகவரிகளிலிருந்து பதில் வந்தால் விஷயம் முடிந்தது. மேக்கின் முதல் பாதி எந்த நிறுவனத்துக் கார்டு என்று காட்டிக்கொடுக்கும்.

தண்டையார்பேட்டை_31 | ஞாயிறு, இரவு 7.18

ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஆர்ப்பிங்கை ஓடவிட்டு டிவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒரே மேக், ஒரே மேக் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது, சர்வருடையது. அம்மா ரிமோட்டை எடுத்து அமுக்கினார்கள். படம் வருவதற்குள் இரண்டாவது மேக் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பதில். பத்து நொடிக்குள் எஸ்எஸ்எச் உறைந்தது. மேக்கின் முதல் பாதியைத் தேடிப் பார்த்தேன், டிவி கம்பெனிதான்.

'என்னடா, டிவியைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்' என்று அம்மா கேட்டார்கள். விளக்கினேன். 'அப்போ ஒரு வாரமா நான்தான் உன் வேலையைக் கெடுத்தேனா' என்று அவர்களுக்கு வருத்தமாகிவிட்டது. இல்லை அம்மா, முதலில் குடிவந்தது டிவி, பூட்டை உடைத்து உள்ளே போனது என் சர்வர் என்று சொன்னேன்.

பெரம்பூர்_லினக்ஸ் | ஞாயிறு, இரவு 7.40

ஓஎன்டியில் முகவரிகளைத் தானாகப் பங்கிடும் டிஎச்சிபி பக்கத்தைத் திறந்து பாருங்கள். 2-லிருந்து 254 வரை எல்லாவற்றையும் அது கொடுக்கும்படி இருக்கும். அதை 100-லிருந்து 200 என்று சுருக்குங்கள். 100-க்குக் கீழே உள்ளது உங்கள் கையில். பிறகு டிவியைச் சுவரில் ஸ்விட்சை அணைத்துப் போடுங்கள், ரிமோட்டில் அணைத்தால் போதாது. அக்கா சொன்ன ரீசெட் பயம் இருக்கிறது, அதனால் சர்வரின் மேக் முகவரிக்கு .10-ஐ ஒதுக்கீடும் செய்து, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் விஷயம்: ஓஎன்டியில் வான் (WAN, வெளிப்பக்க) முகவரி என்ன காட்டுகிறது?

தண்டையார்பேட்டை_31 | ஞாயிறு, இரவு 8.25

டிவிக்கு இப்போது 192.168.100.101 வந்துவிட்டது. எஸ்எஸ்எச் அசையவில்லை. வான் முகவரி 100.72 என்று தொடங்குகிறது.

பெரம்பூர்_லினக்ஸ் | ஞாயிறு, இரவு 8.38

அப்படியென்றால் வெளியிலிருந்து வருவதை சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் செய்து பயன் இல்லை. 100.64-லிருந்து 100.127 வரை உள்ள தொகுதி, இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012-இல் ஒதுக்கியது. வெளியிலிருந்து வருபவர் உங்கள் ஓஎன்டி வரைகூட வர மாட்டார். பழைய இணைப்பில் பொது முகவரி இருந்திருக்கும், அதனால் வேலை செய்தது.

டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் போடுங்கள். சர்வரிலும் அண்ணன் லேப்டாப்பிலும். இரண்டும் உள்ளிருந்து வெளியே போய்ச் சந்தித்துக்கொள்ளும், கதவு திறக்க வேண்டியதில்லை. அதுவும் இதே 100.64 தொகுதியிலிருந்துதான் எண் கொடுக்கும், வான் முகவரியோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த எண்ணையும் நெக்ஸ்ட்கிளவுட் நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

தண்டையார்பேட்டை_31 | திங்கள், இரவு 9.50

காலையில் பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. பென்டிரைவிலிருந்து இல்லை, இசட் டிரைவிலிருந்தே. டிரைவை இந்த முறை எண்ணில் இணைக்கவில்லை. அவாஹி போட்டு 'கடை.லோக்கல்' என்ற பெயரில் இணைத்தேன். கேமராக்கள் மூன்றும் பதிவாகின்றன, காசிமேடு அண்ணன் சொன்ன கேட்வேயையும் மாற்றிவிட்டேன். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து உள்ளே வந்து பாப்பாவின் பிறந்தநாள் போட்டோக்களை எடுத்துக்கொண்டார்.

இன்றும் ஏழு மணிக்கு ஆர்ப்பிங் ஓடவிட்டேன். ஒன்பதரை வரை ஒரே ஒரு மேக். அம்மா சீரியலுக்கு நடுவில் இரண்டு முறை 'உன்னுடையது ஓடுகிறதா' என்று கேட்டுக்கொண்டார்கள்.

எண்ணூர் ஐயாவுக்கும் அக்காவுக்கும் அண்ணன்மார்களுக்கும் ரொம்ப நன்றி. கடையில் வயரில் இருக்கும் பிரிண்டர் மட்டும் இன்னும் 192.168.1.30-இல் நிற்கிறது, அதற்கு .30-ஐயே கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

எண்ணூர்_பாட்டன் | திங்கள், இரவு 10.02

கொடுக்கும் முன் ஆர்ப்பிங் அடித்துப் பாருங்கள் தம்பி. வீட்டில் எல்லாவற்றையும் போட்டு வைத்துவிட்டு.